முதல் காயத்தை எதில் செய்து பழகுவது? மெழுகு, லேட்டக்ஸ், ஜெலட்டின், சிலிகான், ட்ரான்ஸ்ஃபர்: ஓர் ஒப்பீடு

ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் மேக்கப் பழக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எதை வாங்கி ஆரம்பிக்கட்டும்?" லேட்டக்ஸும் (ரப்பர்ப் பால்) டிஷ்யூ பேப்பரும் இருந்தால் போதும் என்று ஒரு வீடியோ சொல்லும். சிலிகான் தெரியாமல் இந்த வேலைக்கே வராதே என்று அடுத்த வீடியோ சொல்லும். கடைசியில் எல்லாவற்றிலும் ஒவ்வொரு டப்பா வாங்கி அடுக்கிவிட்டு, ஒன்றிலும் கை படியாமல் நிற்பவர்கள் நிறையப் பேர்.

அதனால் ஐந்து வழிகளை எடுத்துக்கொண்டு ஒப்பிடுகிறேன். வேலை ஒன்றேதான்: எதிரே உட்கார்ந்திருக்கும் மாடலின் முகத்திலோ கையிலோ நம்பும்படியாக ஒரு வெட்டுக்காயமோ தீக்காயமோ செய்ய வேண்டும். முகத்துக்கு அச்சு எடுத்து, ஓவனில் வேகவைத்துச் செய்யும் ஃபோம் லேட்டக்ஸை விட்டுவிட்டேன். முதல் வருடத்தில் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

வாங்கப் போகிறவர்கள் விலையைப் பார்க்கிறார்கள், செய்து முடித்த படத்தைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, அது தோலிலிருந்து எப்படிக் கழன்று வரும் என்பதை. பழகுவது என்றால் ஒரே ஆள் வாரா வாரம் வந்து உட்கார வேண்டும். கழற்றும்போது வலித்தால் அந்த ஆள் மறுபடி வரமாட்டார், உங்கள் பயிற்சியும் அதோடு நின்றுவிடும். தோலில் அலர்ஜி வருமா, நெடி கண்ணை எரிக்குமா, உரித்தால் முடி பிடுங்குமா, கழற்றிய இடம் அரைமணி நேரத்தில் பழையபடி ஆகிவிடுமா என்பதெல்லாம் இதில் அடக்கம்.

அடுத்தது ஓரம். செயற்கைச் சதை எங்கே முடிந்து உண்மைத் தோல் எங்கே தொடங்குகிறது என்பது தெரியக் கூடாது. காயம் எவ்வளவு கோரமாக இருந்தாலும், ஓரத்தில் நூலளவு கோடு தெரிந்தால் பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும். பக்கவாட்டில் ஒரு விளக்கு வைத்தால் போதும், அந்தக் கோடு நிழலோடு தெரியும்.

அப்புறம் அசைவு. நெற்றிமேடு, மூக்குத்தண்டு, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு ஆகியவை அதிகம் அசையாத இடங்கள். வாய் ஓரம், கண் ஓரம், கழுத்து, முழங்கை ஆகியவை ஓயாமல் அசைபவை. ஓர் இடத்தில் நன்றாக நிற்கும் பொருள் இன்னோர் இடத்தில் பத்து நிமிடம்கூடத் தாங்காது.

மீதி இரண்டு: செய்த தவறை அங்கேயே திருத்த முடியுமா? கூடவே வாங்க வேண்டியவை என்னென்ன? பசை, ரிமூவர், வீணாகும் பிரஷ், திறந்தபின் கெட்டுப்போகும் பாட்டில் இவற்றையெல்லாம் முதல் நாள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டப்பாவின் விலையைவிட இவை பல நேரம் அதிகமாகிவிடும்.

எந்த வழியை எடுத்தாலும் முந்தைய நாளே முழங்கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் தடவி, 24 மணி நேரம் பார்த்துவிடுங்கள். பொருளை மட்டும் சோதித்தால் போதாது, பசையையும் ரிமூவரையும் சோதிக்க வேண்டும்.

## மெழுகு

ஸ்கார் வேக்ஸ் என்று டப்பாவில் வரும். விரல் சூட்டிலேயே இளகும். பட்டாணி அளவு எடுத்து உருட்டி, ஸ்பிரிட் கம் (தோலில் ஒட்டப் பயன்படும் பசை) தடவிய இடத்தில் வைத்து அழுத்த வேண்டும். கம்மைத் தடவியதும் மெழுகை வைத்துவிடாதீர்கள். விரலால் தட்டித் தட்டி, நூல் இழுக்கும் பதம் வந்தபின் வைத்தால்தான் பிடிக்கும். அந்தப் பதத்தில் நாலைந்து பஞ்சு இழைகளை அதன்மேல் ஒட்டிவிட்டு மெழுகை வைத்தால் பிடிப்பு இன்னும் கூடும்.

ஓரத்தைத் தேய்க்க, விரல் நுனியில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, மெழுகிலிருந்து தோலை நோக்கி இழுக்க வேண்டும். ஜெல்லி அதிகமானால் மேலே போடும் நிறம் வழுக்கும். ஸ்பாட்டுலாவின் (தட்டையான சிறு கரண்டி) விளிம்பால் நடுவில் கீறித் திறந்தால் வெட்டு தயார். பிளேடு எதற்கும் வேண்டாம், கீழே இருப்பது உண்மையான தோல். பள்ளத்துக்குள் அடர்ந்த மெரூன், விளிம்பில் சிவப்பு, ரத்தம் கடைசியில். சீலர் (மெழுகின்மேல் காய்ந்து படலமாகும் திரவம்) இரண்டு மெல்லிய கோட் அடித்துவிட்டு நிறம் போட்டால் கொஞ்சம் தாங்கும்.

கொஞ்சம்தான் தாங்கும். ஒரு முறை மாடலின் கன்னத்தில், வாய்க்கு இரண்டு விரல் தள்ளி, நீளமான கிழிசல் ஒன்று செய்தேன். அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார், அருமையாக இருந்தது. ஃபோன் வந்தது, எடுத்துப் பேசினார், சிரித்தார். வாய்ப்பக்கம் இருந்த முனை பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்வதுபோலப் பெயர்ந்து நின்றது. கன்னத்தில் மெழுகு வைக்கக் கூடாது என்பதில்லை. சிரித்தால் மடியும் கோட்டின்மேல் வைக்கக் கூடாது. மாடலை முதலில் ஒரு தடவை சிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு இடத்தைக் குறித்திருந்தால் அது நடந்திருக்காது.

மறைந்திருக்கும் செலவு ஸ்பிரிட் கம்மும் அதற்குரிய ரிமூவரும். சிலருக்கு அந்தக் கம் தோலைச் சிவக்க வைக்கும்; கம் எளிதில் தீப்பிடிக்கக்கூடியதும்கூட. இன்னொன்று, கிடைக்கும் மெழுகு பலவும் வெளிர் நிறத்தில்தான் வரும். மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் மேலே பூசி மறைக்கப் பார்த்தால், கீறும் இடத்தில் வெளிர் நிறம் எட்டிப் பார்க்கும். மெழுகிலேயே கொஞ்சம் ஃபவுண்டேஷனைப் பிசைந்து நிறம் மாற்றிக்கொண்டு வைப்பதுதான் சரி.

இத்தனை குறை இருந்தும் பழகுவதற்கு இதைவிட நல்ல ஆசான் எனக்குத் தெரியவில்லை. பிடிக்கவில்லையா, வழித்து உருண்டையாக்கி மறுபடி வைக்கலாம். ஒரு மணி நேரத்தில் ஒரே காயத்தை ஐந்து தடவை செய்யலாம். காயத்தின் வடிவம் கண்ணில் படிவது இப்படித்தான்.

## திரவ லேட்டக்ஸ்

பலரும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். மலிவு, ஒரு பாட்டில் நிறைய நாள் வரும், விளைவு சட்டென்று தெரியும். ஸ்பாஞ்சால் ஒரு கோட், அதன்மேல் பிய்த்த டிஷ்யூ, மறுபடி ஒரு கோட், காய்ந்ததும் கிள்ளிக் கிழித்தால் உரிந்த தோல். பத்து நிமிடத்தில் கிடைக்கும் அந்த முதல் வெற்றி ஆசையைத் தூண்டும், உண்மைதான்.

ஆனால் மாடல்மேல் முதலில் பழக இது வேண்டாம் என்றே சொல்வேன். இயற்கை ரப்பர்ப் பாலில் உள்ள புரதங்கள் சிலருக்குக் கடும் அலர்ஜியைத் தரும். வெறும் அரிப்போடு நிற்காமல், மூச்சுத்திணறல் வரை போகக்கூடிய வகை அது. திரும்பத் திரும்பத் தொடுகிறவர்களுக்கு அது புதிதாகவும் வரலாம், அதாவது மாடலுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும். முழங்கையில் தடவிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்பது இதற்கு முழு உத்தரவாதம் ஆகாது. பலூன் ஊதினால் உதடு தடித்ததுண்டா, ரப்பர் கையுறை போட்டால் அரித்ததுண்டா, வாழைப்பழம், அவகாடோ, கிவி சாப்பிட்டால் வாய் நமைக்குமா என்று கேளுங்கள். இந்தப் பழங்கள் ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு லேட்டக்ஸும் ஒத்துக்கொள்ளாது. ஒரு கேள்விக்கு "ஆமாம்" என்றாலும் பாட்டிலை மூடிவிடுங்கள்.

அடுத்தது நெடி. லேட்டக்ஸ் கெட்டியாகிவிடாமல் இருக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். கண்ணுக்கு அருகில் பூசினால் நீர் கொட்டும். ஜன்னலைத் திறந்து வைத்து, பூசும்போது மாடல் கண்ணை மூடிக்கொண்டு, காயும்வரை அப்படியே இருக்க வேண்டும்.

கழற்றுவதுதான் மோசம். என் ஆரம்ப நாட்களில் தம்பியின் முன்கையில் மூன்று கோட் போட்டேன். முடியை எப்படிக் காப்பது என்று அப்போது தெரியாது. காய்ந்த லேட்டக்ஸ் ஒவ்வொரு முடியையும் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் எண்ணெய் கலந்து, அங்குலம் அங்குலமாக உரிக்க நாற்பது நிமிடம் ஆனது. கையில் ஒரு பட்டை மழித்தாற்போல் நின்றது. அதன்பிறகு எந்த மாடலின் புருவத்துக்குப் பக்கத்திலும் நான் லேட்டக்ஸைக் கொண்டுபோனதில்லை.

வீணாகும் பொருட்களும் கணக்கில் உண்டு. பிரஷில் காய்ந்தால் பிரஷ் போச்சு. சோப்பு நீரில் தோய்த்துவிட்டு வேலை செய்தால் தப்பும், இல்லையென்றால் தூக்கிப்போடும் ஸ்பாஞ்சே மேல். துணியில் பட்டால் வராது. மேலே பவுடர் போடாமல் விட்டால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும்.

சரி, எங்கே இது சிறந்தது? முதுமைச் சுருக்கத்துக்கு. தோலை இழுத்துப் பிடித்து மெல்லிய கோட் ஒற்றி, காய வைத்து, பவுடர் போட்டு விட்டால் சுருங்கி விழும் வரிகளை வேறு பொருள் இவ்வளவு எளிதில் தராது. பெரிய பரப்பில் உரியும் தோல், அழுகிய தோல், கூட்டமாகப் பத்துப் பேருக்குத் தூரத்திலிருந்து தெரிய வேண்டிய காயம், இவற்றுக்கும் இது கைகொடுக்கும். அலர்ஜி இல்லை என்று நன்றாகத் தெரிந்த ஆள்மேல் மட்டும்.

## ஜெலட்டின்

ஜெலட்டின் தூள், கிளிசரின், தண்ணீர் மூன்றும் சம அளவு. கொஞ்சம் ஊறவிட்டு, கொதிக்காமல் சூடாக்கிக் கலக்கினால் ஆயிற்று. மீந்ததை மூடி வைத்து மறுபடி உருக்கலாம். தோலுக்குள் ஒளி ஊடுருவுவதுபோல இதற்குள்ளும் ஊடுருவும். அதனால் தீக்காயக் கொப்புளம், ஈரமான சதை இரண்டுக்கும் இதன் பக்கத்தில் மெழுகு நிற்க முடியாது.

ஆபத்து சூட்டில் இருக்கிறது. 60 டிகிரி செல்சியஸ் சூடான திரவம் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும். ஜெலட்டின் தண்ணீரைப்போல வழிந்து ஓடாது, பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு சுடும். மைக்ரோவேவில் வைத்தால் மேலே வெதுவெதுப்பாகவும் நடுவில் கொதியாகவும் இருக்கும். எனவே நன்றாகக் கிளறி, முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு. குழந்தையின் பாலைப் பார்ப்பதுபோலத்தான். உங்களுக்கு இதமாக இருந்தால் மட்டும் மாடல்மேல்.

ஆறத் தொடங்கிவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். அதற்குள் ஸ்பாட்டுலாவால் பரப்பி, இழுத்து, கீறி முடிக்க வேண்டும். ஓரம் தடித்துவிட்டால் பதற வேண்டாம். வெந்நீரில் நனைத்த பட்ஸால் தேய்த்தால் கரைந்து தோலோடு சேர்ந்துவிடும். ஓரத்தை அந்த இடத்திலேயே கரைத்துத் திருத்த இவ்வளவு எளிய பொருள் வேறு இல்லை.

எதிரி வியர்வையும் வெப்பமும். சூடான விளக்குகளுக்குக் கீழே மணிக்கணக்கில் நிற்க வேண்டிய மாடலுக்கு இது ஆகாது. முதலில் பளபளப்பு கூடும், பிறகு ஓரம் நெகிழும். ஓடி ஆடும் காட்சிக்கும் ஆகாது. குளுமையான அறையில் இரண்டு மணி நேரப் படப்பிடிப்புக்கு அழகாக நிற்கும்.

ஒன்றைக் கேட்க மறக்காதீர்கள். ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கப்படுவது. மதம் காரணமாகவோ சைவம் என்பதாலோ தோலில் படுவதைக்கூட விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். உட்காரவைத்தபின் சொல்வது மரியாதை இல்லை, அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

கழற்றுவது சுகம். வெதுவெதுப்பான துணியை ஒரு நிமிடம் வைத்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

## சிலிகான்

ஏ, பி என்று இரண்டு பாட்டில். சம அளவு கலந்தால் சில நிமிடங்களில் இறுகி, சதைபோலவே மென்மையாக ஆடும். வியர்வைக்கு அசையாது. க்ளோஸப்பில் ஐந்தில் இதுதான் முதலிடம். தோலில் நேரடியாக வைக்கப் பிளாட்டினம் வகை (பிளாட்டினச் சேர்மத்தால் இறுகுவது), அதிலும் தோலுக்கு என்றே தயாரித்தது மட்டும்தான் வேண்டும். அச்சு எடுக்க விற்கும் டின் வகைச் சிலிகானை (தகரச் சேர்மத்தால் இறுகுவது) நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது.

இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நான் முதன்முதலில் கலந்தபோது, முறைப்படிக் கலந்தும் இறுகவே இல்லை. அரைமணி நேரம் கழித்தும் மாடலின் கையில் தேன்போலப் பிசுபிசுவென்று நின்றது. கலவையைச் சந்தேகப்பட்டு இன்னொரு முறை கலந்தேன், அதுவும் அப்படியே. குற்றவாளி என் கையில் இருந்த லேட்டக்ஸ் கையுறை. லேட்டக்ஸ், கந்தகம், டின் ஆகியவை பட்டால் பிளாட்டினம் சிலிகான் இறுகாது. கந்தகம் கலந்த களிமண்ணில் செய்த அச்சும் இதையே செய்யும். வினைல் கையுறை போடுங்கள். நேற்று லேட்டக்ஸ் பூசிய மேசையிலேயே இன்று சிலிகான் கலக்காதீர்கள், ஸ்பாட்டுலாவையும் தனியாக வையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பழக நினைப்பவர்களுக்கு இதுதான் பெரிய முட்டுக்கட்டை.

ஏ பாட்டிலில் விட்ட கரண்டியை பி பாட்டிலில் விட்டால், அந்தப் பாட்டிலே கட்டியாகத் தொடங்கிவிடும். மேலே போடும் நிறமும் தனி. தண்ணீரில் கரையும் பெயின்ட் இதன்மேல் உருண்டு ஓடிவிடும்; ஆல்கஹாலில் கரையும் பெயின்ட் தட்டு வாங்க வேண்டும், அது மலிவு இல்லை. நிறத்தில் பாதியைக் கலக்கும்போதே உள்ளே சேர்த்துவிட வேண்டும். மெல்லிய சிவப்பு, நீல இழைத்தூளைச் சேர்த்தால் தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவதுபோலத் தெரியும். அந்த அழகுக்காகவே பலர் சிலிகானுக்கு வருகிறார்கள்.

இறுகியபின் ஓரத்தைக் கரைக்க முடியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பரப்பும்போதே ஓரம் மெலிந்திருக்க வேண்டும். கையில் வேகமும் கண்ணில் வடிவமும் ஏற்கெனவே இருப்பவருக்கு இது வரம். இல்லாதவருக்குத் தவறு ஒவ்வொன்றும் செலவு.

## ட்ரான்ஸ்ஃபர்

முன்கூட்டியே வார்த்து, தாளில் ஒட்டி வரும் காயம். தோலில் வைத்து, தாளின் முதுகை நனைத்தால் தாள் வழுக்கி வந்துவிடும், காயம் தோலில் தங்கிவிடும். சிறு பிள்ளைகள் ஒட்டும் டாட்டூ மாதிரிதான். இந்த நுட்பத்தை உருவாக்கியதற்காக மேக்கப் கலைஞர் கிறிஸ்டியன் டின்ஸ்லிக்கு 2008-ல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. மருத்துவப் பசை வகையைச் சேர்ந்த ப்ராஸ்-எய்டைக் கெட்டியாக்கி வார்ப்பதால், ஓரம் ஒன்றுமில்லாமல் மெலிந்து தோலோடு போய்விடும். வியர்வைக்கும் அசைவுக்கும் தாங்கும்.

குறைகள் வேறு மாதிரி. ஒட்டியபின் நகர்த்த முடியாது, எனவே வைக்கும் இடத்தை முதலிலேயே ஐப்ரோ பென்சிலால் புள்ளி வைத்துக் குறிக்க வேண்டும். ஒரு தடவைக்குத்தான் உதவும். ஆழமான காயம் கிடைக்காது. கன்னத்தில் தொடங்கி உதட்டைத் தாண்டும் காயம் வேண்டுமென்றால் ஒரே துண்டாக வைக்காமல் இரண்டாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி வைக்க வேண்டும். முழு முகமூடிக்குப் பதிலாக மெல்லிய தனித்தனித் துண்டுகளை ஒட்டினால் முகம் இயல்பாக அசையும் என்பதை ஹாலிவுட் மேக்கப் கலைஞர் டிக் ஸ்மித் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டினார். சின்னக் காயத்துக்கும் அதே நியாயம்தான்.

கழற்ற எண்ணெய்த் தன்மையுள்ள ரிமூவர் கட்டாயம். ஓரத்தில் பிரஷால் விட்டு, அது உள்ளே இறங்க நேரம் கொடுத்து, உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் தோலும் சேர்ந்து வரும்.

## ஒரு பார்வையில்

| வழி | தோலுக்கு | ஓரம் | அசையும் இடம் | திருத்த | கழற்ற |
|---|---|---|---|---|---|
| மெழுகு | கம் மட்டும் கவனம் | சுமார் | தாங்காது | மிக எளிது | எளிது |
| லேட்டக்ஸ் | அலர்ஜி, நெடி | சுமார் | தாங்கும் | கடினம் | முடி பிடுங்கும் |
| ஜெலட்டின் | சூடு மட்டும் கவனம் | நன்று | ஓரளவு | எளிது | மிக எளிது |
| சிலிகான் | தோலுக்கான வகை என்றால் நன்று | கை தேர்ந்தால் மிக நன்று | நன்கு தாங்கும் | முடியாது | நிதானம் வேண்டும் |
| ட்ரான்ஸ்ஃபர் | நன்று, ரிமூவரைச் சோதிக்கவும் | மிக நன்று | நன்கு தாங்கும் | ஒட்டுமுன் மட்டும் | நேரம் எடுக்கும் |

## யாருக்கு எது

கையில் ஒன்றுமே இல்லை, இன்றுதான் ஆரம்பம் என்றால் மெழுகு. முதல் இரண்டு வாரம் உங்கள் கால்மேலேயே செய்யுங்கள், மாடலை அழைக்க வேண்டாம். வடிவம் கைக்கு வந்ததும் ஜெலட்டின்.

அடுத்த வாரமே குறும்படம், மாடல் பேச வேண்டும், ஓட வேண்டும் என்றால் தயங்காமல் ட்ரான்ஸ்ஃபர் வாங்குங்கள். பழகாத சிலிகானோடு படப்பிடிப்பு நாளில் போராடுவது நல்லதல்ல. வார்ப்பு வேறொருவருடையது என்றாலும், அதைத் தோலோடு சேர்க்கும் நிறம் உங்களுடையது. காயத்தைச் சுற்றியுள்ள தோலில் ரத்தம் கட்டிய நிறம் வராவிட்டால் எந்தப் பொருளும் ஒட்டுவேலையாகத்தான் தெரியும். புதிய காயத்தைச் சுற்றிச் சிவப்பு, ஓரிரு நாள் ஆனதென்றால் ஊதாவும் நீலமும், ஒரு வாரம் ஆனதென்றால் பச்சையும் மஞ்சளும். கறுத்த தோலில் சிவப்பு அடங்கியே தெரியும், அங்கே அடர்ந்த ஊதாவையும் மெரூனையும் நம்புங்கள்.

தொழிலாகவே எடுக்கப் போகிறவர் ஆறு மாதம் கழித்துச் சிலிகானுக்குப் போகலாம், அதற்கென்று தனி மேசையோடு. லேட்டக்ஸ் கடைசியில் வந்தாலும் குற்றமில்லை.

எதை எடுத்தாலும் மாடலிடம் நேரத்தைச் சொல்லும்போது கழற்றும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். போட ஒரு மணி நேரம் என்றால் கழற்ற அரைமணி, பிறகு முகம் கழுவி மாய்ஸ்சரைசர் தடவப் பத்து நிமிடம். மறுநாள் காலையில் ஒரு ஃபோன் போட்டு, சிவப்பு ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதே கன்னத்தைத் தொடலாமா, மறு கன்னத்துக்குப் போகலாமா என்பது அந்தக் குறிப்பைப் பார்த்தால் தெரியும்.